பாய்க்கப்பலின் புகைக்குழாய்

1819 ஜூன் மாதம் அயர்லாந்தின் தெற்குக் கரையில், கிளியர் முனைக்கு அப்பால், ஒரு பாய்க்கப்பல் தீப்பற்றி எரிவதாகச் செய்தி பரவியது. பார்த்தவர்களைக் குறை சொல்ல முடியாது. மூன்று பாய்மரங்களுள்ள கப்பலின் நடுவிலிருந்து கரும்புகை எழுந்தால் கடலோடி எவனும் அப்படித்தான் நினைப்பான். ‘கைட்’ என்ற பிரிட்டிஷ் சுங்கக் கலம் உதவிக்கு விரைந்தது. எல்லாப் பாய்களையும் விரித்து ஓடியும் அதனால் அந்தக் கப்பலை நெருங்க முடியவில்லை. எரிவதாகச் சொல்லப்பட்ட கப்பலோ ஒரு முழப் பாய்கூட விரிக்காமல் வெறும் மரங்களோடு முன்னே போய்க்கொண்டிருந்தது. எச்சரிக்கைக் குண்டுகள் சுட்ட பிறகே அது நின்றது. அமெரிக்காவிலிருந்து லிவர்பூலுக்குப் போய்க்கொண்டிருந்த ‘சவான்னா’ அது. நீராவி எஞ்சினோடு அட்லாண்டிக்கைக் கடந்த முதல் கப்பல். புகை வந்தது அதன் புகைபோக்கியிலிருந்து. அந்தப் புகைபோக்கியின் உச்சி முழங்கைபோல் வளைந்திருந்தது. அந்த வளைவைத் திருப்பவும் முடியும். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் தீப்பொறி பாய்த்துணியில் விழாதபடி மாலுமிகள் குழாயின் வாயைத் திருப்பி வைப்பார்கள். பாய்க்கப்பலில் எஞ்சினை ஏற்றியவர்கள் முதல் நாளிலேயே சந்தித்த சிக்கல் அந்த முழங்கைக் குழாயில் தெரிகிறது. எஞ்சினைக் கப்பலுக்குள் வைத்துவிடலாம். அது விடும் மூச்சை எங்கே அனுப்புவது?

பாய்க்கும் எஞ்சினுக்கும் நடந்த போட்டியில் எஞ்சின் வென்றது, பாய் மறைந்தது என்றுதான் கப்பல் வரலாறு பெரும்பாலும் சொல்லப்படுகிறது. குதிரைசக்தி ஏற ஏறத் துணி இறங்கியது என்பது அந்தக் கதையின் சுருக்கம். சான்றுகளைச் சேர்த்துப் பார்த்தால் எனக்கு வேறொன்று தெரிகிறது. ஏறக்குறைய 100 ஆண்டுகள் எஞ்சினை வளர்த்து ஆளாக்கியது பாய்தான். வெடித்த குழாயை நடுக்கடலில் பிரித்து ஒட்டவைக்க எஞ்சினை அணைக்க வேண்டும். அணைத்தபின் கப்பலை நகர்த்த வேறொரு வழி வேண்டும். அந்த வழி பாயாக இருந்த காலம் வரை பாய் கப்பலில் இருந்தது. வேறு வழி கிடைத்த இடத்தில்தான் அது இறங்கியது. இதை அளக்கப் புகைக்குழாயைவிட நல்ல அளவுகோல் கிடையாது. கப்பலில் அதிகம் சுடுவதும், அதிகம் துருப்பிடிப்பதும், உடைந்தால் ஆளைக் கொல்வதும் அதுவே.

சவான்னாவிலேயே தொடங்கலாம். அதன் பயணம் 29 நாட்களுக்குச் சற்று மேல். அதில் எஞ்சின் ஓடியது சுமார் 80 மணி நேரம். மற்ற நேரமெல்லாம் பாய்தான். பக்கச் சக்கரங்களை விசிறிபோல் மடக்கித் தளத்தின்மேல் தூக்கி வைத்துவிடலாம். இதைப் படிக்கும் பலர் சவான்னாவை ஏமாற்று வேலை என்று ஒதுக்குகிறார்கள். எஞ்சின் கப்பல் என்ற பெயரில் பாய்க்கப்பல் ஓட்டினார்கள் என்கிறார்கள். எனக்கு அது தவறான தீர்ப்பாகப் படுகிறது. அதன் தலைவர் மோசஸ் ரோஜர்ஸ் நீராவிக் கலங்களை ஓட்டிப் பழகியவர். கொதிகலனும் குழாய்களும் எத்தனை நாள் தாங்கும் என்று அறிந்த ஒருவர் செய்த கணக்கு அது. ‘நீராவிச் சவப்பெட்டி’ என்று சொல்லி வேலைக்கு வர மறுத்த மாலுமிகளின் அச்சமும் வெறும் மூடநம்பிக்கை அல்ல. மரத்தாலும் தாராலும் சணலாலும் செய்த ஒரு பொருளின் வயிற்றில் நெருப்பை வளர்த்து, அதன் புகையைத் துணிகளுக்கு நடுவே வெளியே விடுவதை ஒருவன் நினைத்துப் பார்த்தால் அஞ்சத்தான் செய்வான்.

சவான்னா கொண்டுசென்ற எரிபொருள் 75 டன் நிலக்கரியும் கொஞ்சம் விறகும்தான். ஆகவே எஞ்சினைக் குறைவாக ஓட்டியதற்குக் காரணம் எரிபொருள்தானே என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானது. எரிபொருள் செலவும் அதை வைக்கும் இடமும் எந்தக் காலத்திலும் பெரிய காரணங்கள்தான். அவற்றை நான் தள்ளவில்லை. ஆனால் அது மட்டுமே காரணமென்றால் கரி தாராளமாக ஏற்றிய கப்பல்கள் பாயை விட்டிருக்க வேண்டும். விடவில்லை. பிரிட்டிஷ் பொறியாளர் புருனெல் கட்டிய ‘கிரேட் ஈஸ்டர்ன்’ இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியா வரை வழியில் கரி ஏற்றாமல் போக வேண்டும் என்ற எண்ணத்தில் பிறந்த கப்பல். அதன் மேலும் ஆறு பாய்மரங்கள் நின்றன. அவற்றுக்கு நடுவே ஐந்து புகைபோக்கிகள். எஞ்சின் ஓடும்போது பாயை விரித்தால் புகைபோக்கிகளின் வெப்பம் துணியைக் கொளுத்திவிடும். ஆகவே இரண்டையும் ஒன்றாகப் பயன்படுத்த முடியவில்லை. ஒன்றாகப் பயன்படாத இரண்டை ஒரே கப்பலில் சுமந்தார்கள் என்றால் ஒன்று மற்றொன்றுக்குக் காப்பு என்று மட்டுமே பொருள்.

அந்தக் காப்பு ஏன் வேண்டியிருந்தது என்பதை அதே கப்பல் 1859 செப்டம்பரில் காட்டியது. முன்புகைபோக்கியைச் சுற்றி ஒரு நீருறை அமைத்திருந்தார்கள். கொதிகலனுக்குப் போகும் தண்ணீரைப் புகையின் வெப்பத்தாலேயே முன்கூட்டிச் சூடாக்குவதும், குழாயின் சூடு பயணிகளின் அறைகளைத் தாக்காமல் தடுப்பதும் அதன் வேலை. வெள்ளோட்டத்தின்போது, ஹேஸ்டிங்ஸ் கரைக்கு அப்பால், அந்த உறையின் ஒரு வால்வு மூடிக் கிடந்தது. நீராவி போக வழியில்லாமல் உறை வெடித்தது. புகைபோக்கி பெயர்ந்து மேலே பறந்தது. அடுப்பறைத் தொழிலாளர்கள் நீராவியில் வெந்து இறந்தார்கள். கப்பலின் உடற்கூட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, எஞ்சின்களும் ஓடின. உயிரைக் குடித்தது புகை போகும் வழியும் அதைச் சுற்றி வைத்த தண்ணீரும். இந்தச் சேர்க்கையை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்; 100 ஆண்டுகள் கழித்துச் சின்னஞ்சிறு பாய்ப்படகில் அது மறுபடியும் வருகிறது.

இதற்கு மாறான சான்றையும் அதே கப்பலிலிருந்து ஒருவர் எடுத்து நீட்டலாம். 1861இல் அட்லாண்டிக் புயலில் கிரேட் ஈஸ்டர்னின் பக்கச் சக்கரங்கள் உடைந்தன, சுக்கானின் தண்டு முறிந்தது, விரித்த பாய்களும் கிழிந்து பறந்தன. பாய் காப்பாற்றவில்லையே என்றால், ஆம், அன்று காப்பாற்றவில்லை. காப்பாற்றியது, பயணியாக வந்திருந்த ஹாமில்டன் டவ்ல் என்ற பொறியாளர் முறிந்த சுக்கான் தண்டில் கனமான சங்கிலிகளைச் சுற்றிச் செய்த பழுதுபார்ப்பு. கப்பல் அயர்லாந்து போய்ச் சேர்ந்தது. பாய் எல்லாப் புயலிலும் காக்கும் என்று நான் சொல்லவில்லை. கடலில் உடைந்ததைக் கடலிலேயே சரிசெய்யும் கைத்திறன்தான் அடிப்படை. பாய் அந்தக் கைகளுக்கு நேரம் வாங்கித் தரும்.

பிரிட்டிஷ் கடற்படை 1860இல் நீரில் இறக்கிய இரும்புப் போர்க்கப்பல் ‘வாரியர்’ இந்த ஏற்பாட்டை ஒழுங்குமுறையாகவே ஆக்கியது. பாய் விரித்து ஓடும்போது அதன் புகைபோக்கிகளை ஒன்றுக்குள் ஒன்றாக இறக்கிக்கொள்ளலாம். தண்ணீரில் இழுவை தராமலிருக்கப் புரொப்பல்லரைத் தூக்கிவிடலாம். ‘புகைபோக்கியை ஏற்று, புரொப்பல்லரை இறக்கு’ என்பது அந்தக் காலத்துக் கப்பல்களில் கேட்ட கட்டளை. பிறகு பாய் எப்போது இறங்கியது? 1880களின் இறுதியில், பெரிய பயணிக் கப்பல்களில் இரண்டு எஞ்சின்களும் இரண்டு புரொப்பல்லர்களும் வந்தபோது. ஒயிட் ஸ்டார் நிறுவனத்தின் ‘டியூட்டானிக்’ 1889இல் குறுக்குச் சட்டங்களும் சதுரப் பாய்களும் இல்லாமல் வெறும் மரங்களோடு கடலுக்கு வந்தது. ஒரு எஞ்சின் நின்றால் மற்றொன்று ஓடும். குதிரைசக்தி அதற்கு முன்பே போதுமான அளவு இருந்தது. பாய் செய்துவந்த காப்பு வேலையை ஏற்க இன்னொரு எஞ்சின் வந்த பிறகுதான் பாய்க்கு விடை கொடுத்தார்கள். என் வாதத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

சிறிய கலங்களின் கதை வேறு. அவற்றில் இரண்டாவது எஞ்சினுக்கு இடமும் இல்லை, காசும் இல்லை. கொதிகலனும் கரியும் ஏற்றினால் சரக்குக்கே இடமில்லாமல் போகும். ஆகவே நீராவிக் காலம் முழுவதையும் சிறு பாய்க்கலங்கள் பெரும்பாலும் பாயோடே கடந்தன. எண்ணெய் எஞ்சின் வந்த பிறகுதான் நிலைமை மாறியது. 1903இல் ரோவால் அமுண்ட்சென் வடமேற்குக் கடல்வழியைத் தேடிப் புறப்பட்ட ‘ஜோவா’ 1872இல் கட்டிய 47 டன் மீன்பிடிக் கலம். அதில் அவர் பொருத்தியது 13 குதிரைசக்தி எஞ்சின் ஒன்று. ஏழே பேர். ஆர்க்டிக் தீவுகளுக்கு நடுவே ஒரு நாள் எஞ்சின் அறையில், மண்ணெண்ணெய்த் தொட்டிகளுக்கு இடையில், எண்ணெய் தோய்ந்த கழிவுப் பஞ்சு தீப்பற்றியது. ஓடிவந்து அணைத்துவிட்டார்கள். அமுண்ட்சென் பிறகு எழுதியதில் ஒரு செய்தி கவனிக்கத் தக்கது. ஒரு தொட்டி கசிகிறது என்று எஞ்சின் பொறுப்பாளர் சொல்ல, அதிலிருந்த எண்ணெயைத் தீ விபத்துக்குச் சற்று முன்தான் வேறு தொட்டிக்கு மாற்றியிருந்தார்கள். தீயணைக்கும் பரபரப்பில் அந்தக் காலித் தொட்டியின் குழாய்த் திருகுதான் பெயர்ந்து போயிருந்தது. எண்ணெய் இருந்திருந்தால் நெருப்பில் கொட்டியிருக்கும். வடமேற்கு வழியை முதன்முதலில் கடந்த பெருமை, கசிவைக் கண்டதும் நாளைக்கு என்று தள்ளிவைக்காத ஒரு தொழிலாளியின் பழக்கத்தையும் சேர்ந்தது. நாடுகாண் பயணங்களின் வரலாற்றில் இப்படிப்பட்டவர்களுக்கு இன்னும் உரிய இடம் தரப்படவில்லை.

அதே அமுண்ட்சென் 1910இல் தென்துருவத்துக்குப் புறப்பட்டபோது ‘ஃபிராம்’ கப்பலின் நீராவி எஞ்சினை எடுத்துவிட்டு 180 குதிரைசக்தி டீசல் எஞ்சின் வைத்திருந்தார்கள். பழைய நீராவி எஞ்சினின் சக்தி 220. சக்தி குறைந்தும் மாற்றினார்கள் என்பதை, எல்லாம் குதிரைசக்தியால் நடந்தது என்பவர்கள் விளக்க வேண்டும். கொதிகலன் போனது, கரி போனது, அடுப்பில் கரி அள்ளிப்போடும் ஆட்கள் தேவையில்லாமல் போனார்கள், தேவைப்பட்டபோது சில நிமிடங்களில் கிளப்பவும் முடிந்தது. கூடவே, எஞ்சினை ஆக்கியவர்களில் ஒருவரான குனுட் சுண்ட்பெக் என்ற சுவீடன்காரரையும் ஏற்றிக்கொண்டார்கள். புது எஞ்சினோடு அதைப் பிரித்து மாட்டத் தெரிந்த ஆளும் வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இரண்டு ஆண்டுகளில், 1912இல், டென்மார்க்கின் ‘செலாண்டியா’ கோபன்ஹேகனிலிருந்து பாங்காக்குக்குப் புறப்பட்டது. கடல்கடந்து போகும் பெரிய டீசல் கப்பல்களில் முன்னோடி அது. அதில் புகைபோக்கியே கிடையாது. புகைக்குழாயைப் பின்மரத்தோடு சேர்த்து மேலே கொண்டுபோய்விட்டார்கள். பாய் பிடித்துப் பழகிய மரம் புகை தாங்கும் தூணாயிற்று.

இனிச் சிறு பாய்ப்படகுக்கு வருவோம். பழுதுபார்ப்பின் உண்மையான வரலாறு அங்கேதான் இருக்கிறது. பாய்ப்படகின் எஞ்சின் நீர்மட்டத்தை ஒட்டியோ அதற்குக் கீழேயோ உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து வரும் புகை 400 டிகிரி செல்சியஸுக்கும் மேல் சூடேறும். தொடக்க காலத்தில் இரும்புக் குழாயில் கல்நார்க் கயிற்றைச் சுற்றித் தளத்துக்கு மேலே விட்டார்கள். ஸ்காண்டிநேவியாவின் மீன்பிடிக் கலங்களில் ‘டொங்க், டொங்க்’ என்று ஒலித்த சூட்டுக்குமிழ் எஞ்சின்கள் இப்படித்தான் புகைவிட்டன. பாய்க்குக் கீழே நிமிர்ந்து நிற்கும் சூடான குழாய் துணிக்கும் கயிற்றுக்கும் பகை. உல்லாசப் படகுக்காரர்களுக்கு அது பிடிக்கவுமில்லை. ஆகவே வேறொரு வழி கண்டார்கள். எஞ்சினைக் குளிர்வித்து வரும் கடல்நீரைப் புகைக்குழாயின் முழங்கை வளைவிலேயே புகைக்குள் செலுத்திவிடுவது. புகையின் சூடு சட்டென்று இறங்கி, அதற்கப்பால் சாதாரண ரப்பர்க் குழாயே போதும் என்றாகிறது. தண்ணீரும் புகையும் கலந்து படகின் பின்புறத்தில் துப்பப்படும். சவான்னாவின் முழங்கை தீப்பொறியைத் துணியிலிருந்து திருப்பியது. இந்த முழங்கை தீயையே தண்ணீரில் முக்குகிறது.

வேலை எளிதானது; விலை முழங்கையின் தலையில் விழுந்தது. ஒரு பக்கம் கொதிக்கும் புகை, மறுபக்கம் உப்புத் தண்ணீர், நடுவில் டீசலின் கந்தகம் நீரோடு சேர்ந்து பிறக்கும் அமிலம். வார்ப்பிரும்போ எஃகோ, உள்ளேயிருந்து தின்னப்பட்டு, வெளியே பெயிண்ட் பளபளக்கும்போதே தகடுபோல் மெலிந்துவிடும். மறுபுறம் கரி படிந்து வழி அடைபடும். எஞ்சினைச் சூடேறவிடாமல் நெடுநேரம் மெல்ல ஓட்டுவது பாய்ப்படகுக்காரர்களின் வழக்கம்; கரி படிவதற்கு அதுவே காரணம். முதல் அறிகுறிகள் சின்னவை: மூட்டில் வெள்ளை உப்புப் பொருக்கு, எஞ்சின் அறைச் சுவரில் கரித்தூள், கொஞ்சம் ஈரம், கொஞ்சம் நாற்றம். கவனிக்காவிட்டால் இரண்டு வழியில் ஆபத்து. உடைந்த குழாய் கார்பன் மோனாக்சைடைப் படகுக்குள்ளேயே விடும். நிறமும் மணமும் இல்லாத அந்த வாயு இரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். பெட்ரோல் எஞ்சினில் இது மிக அதிகம், டீசலில் குறைவு. இன்னொன்று, புகைவழியில் கடல்நீர் திரும்பி எஞ்சினுக்குள் ஏறுவது. பின்னாலிருந்து அலை மோதும்போதும், படகு சாய்ந்து ஓடும்போதும், எஞ்சின் கிளம்பாமல் ஸ்டார்ட்டரை நெடுநேரம் சுழற்றும்போதும் அது நேரும். நீர் அமுங்காது, சிலிண்டரில் நீர் நின்றால் பிஸ்டன் தண்டு வளையும். குழாயை நீர்மட்டத்துக்கு மேலே அன்னத்தின் கழுத்துபோல் வளைத்துக் கொண்டுபோவதும், இடையில் நீர்த்தொட்டி வைப்பதும் இந்த அனுபவத்திலிருந்து வந்த ஏற்பாடுகள்.

நடுக்கடலில் இது உடைந்தால் செய்வது எந்த ஆலையின் கையேட்டுக்கும் முந்திய கைவேலை. பாயை விரித்து எஞ்சினை அணைத்து, குழாய் ஆறும்வரை காத்திருக்க வேண்டும். இறுகிப்போன நட்டுகளில் எண்ணெய் விட்டு ஊறவைத்துக் கழற்ற வேண்டும். செம்பு வாஷர் இருந்தால் அதைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மறுபடி மென்மையாகும், மறுபடி மாட்டலாம். ஓட்டை விழுந்த இடத்தில் டப்பாத் தகட்டை வெட்டிச் சுற்றி, சூடு தாங்கும் பசை பூசி, கம்பியால் இறுக்குவார்கள். எந்த இடத்தில் நீர் புகையோடு சேர்கிறது என்று தெரிந்திருப்பதில்தான் திறமை இருக்கிறது. அதற்கு முன்னே ரப்பரும் துணியும் எரிந்துவிடும். அதற்குப் பின்னே அவையே போதும். பின்பகுதியைப் பிடித்து இறுக்கும் பட்டைக்கும் கடலோடிதான் தந்தை. பிரிட்டிஷ் கடற்படையிலிருந்த லம்லி ராபின்சன் 1921இல் காப்புரிமை பெற்ற ஜூபிலி கிளிப் இன்று உலகெங்கும் ஹோஸ் குழாய்களின் கழுத்தில் இருக்கிறது. அந்தக் காலத்துக் கல்நார்க் கயிறு இன்னொரு கணக்கையும் விட்டுப்போனது. கல்நார்த் தூசுக்கும் நுரையீரல் உறையில் வரும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு 1960இல் தென்னாப்பிரிக்க ஆய்வொன்றில் வெளிப்பட்டது. அதற்குள் எத்தனையோ எஞ்சின் அறைகளில் தொழிலாளர்கள் பல பத்தாண்டுகள் அதை வெறுங்கையால் சுற்றியிருந்தார்கள். இந்தத் தொழிலின் பெருமையை எழுதுபவர் அந்த இழப்பையும் சேர்த்தே எழுத வேண்டும்.

ஒரு குழாயை வைத்துக்கொண்டு கடல் வரலாற்றையே விளக்கப் பார்ப்பது அதிகமில்லையா என்ற கேள்வி எஞ்சியிருக்கிறது. குழாய்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று நான் சொல்லவில்லை. எஞ்சினை ஏற்பதா வேண்டாமா என்று முடிவுசெய்த கடலோடிகள் முதலில் பார்த்தது வேகத்தை மட்டுமல்ல, இது உடைந்தால் என் கையால் ஆகுமா என்பதையும்தான் என்கிறேன். நம் கட்டுமரம் இதற்கு இன்னொரு பக்கத்திலிருந்து சாட்சி சொல்கிறது. கட்டிய மரங்களுக்கு உட்குழிவு இல்லை. உள்ளே எஞ்சின் வைக்கவும் வழியில்லை, புகைக்குழாய் போகவும் வழியில்லை. வெளியே தொங்கும் எஞ்சின், தன் புகையைப் புரொப்பல்லரின் நடுவழியாகத் தண்ணீருக்குள்ளேயே விட்டுவிடும். குழாய்ச் சிக்கலே அதில் இல்லை. 1979இல் தொடங்கி, ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பின் கீழ்ச் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு நடந்த வங்காள விரிகுடாத் திட்டம், கரையேறும் படகுகளுக்கென்று மேலே தூக்கிக்கொள்ளும் சிறு டீசல் எஞ்சினை வடிவமைத்ததும் இதே கேள்வியை எதிர்கொண்டுதான்: மணலில் மோதும் படகில் எஞ்சினை எப்படிப் பிழைக்க வைப்பது?

தூத்துக்குடித் தோணி வேறு வகை. அகன்ற மர உடல், சரக்கறை, பின்புறத்தில் எஞ்சினுக்கும் குழாய்க்கும் இடம். 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோணிகள் எஞ்சின் ஏற்றுக்கொண்டு, பழைய துறைமுகத்திலிருந்து மாலத்தீவுக்கும் இலட்சத்தீவுக்கும் சரக்கு கொண்டுபோயின. அரசுப் பதிவில் அவற்றின் பெயர் ‘இயந்திரம் பொருத்திய பாய்க்கப்பல்’. 1958ஆம் ஆண்டின் இந்திய வணிகக் கப்பல் சட்டம் பாய்க்கப்பலுக்குத் தந்த இலக்கணத்தில், எஞ்சின் இருக்கிறதா இல்லையா என்பது பொருட்டே அல்ல. பாயை மட்டும் கொண்டு கடலில் செல்லப் போதுமான பாய்ப்பரப்பு அந்தக் கலத்தில் இருக்க வேண்டும் என்பதே சட்டம் கேட்டது.